எவர்சில்வர் தூக்கும் சுலாவெசித் தீவும்

பாத்திரக் கடைக்குப் போகும்போது என் பெரியம்மாவின் கைப்பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. தூக்குவாளியை வாங்கிப் பக்கவாட்டில் காந்தத்தை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால், "இது வேண்டாம், வேற காட்டுங்க." ஒட்டாவிட்டால் விலைப் பேச்சு தொடங்கும். கடைக்காரருக்கும் இந்தச் சடங்கு பழக்கம்தான்.

பெரியம்மா தேடியது நிக்கலை. இரும்போடு குரோமியம் சேர்ந்தால் துருப் பிடிக்காது. நிக்கலும் சேர்ந்தால் காந்தம் ஒட்டாது, பாத்திரமாக அடிக்கவும் எளிதாக வளையும். 304 என்று முத்திரை குத்திய எவர்சில்வரில் 100 கிலோவுக்குச் சுமார் 18 கிலோ குரோமியம், 8 கிலோ நிக்கல். (நிக்கலைக் குறைத்து மாங்கனீசு கலந்த மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. இதைப் பெரியம்மாவிடம் நான் சொல்லவில்லை. முப்பது வருடக் காந்தத்தைக் குறை சொல்ல எனக்குத் தைரியம் போதாது.)

உலகத்தில் இன்று தோண்டியெடுக்கும் நிக்கலில் பாதிக்கும் மேல் ஒரே நாட்டிலிருந்து வருகிறது: இந்தோனேசியா. அந்த நாட்டின் நிக்கல் கதையைப் புரிந்துகொண்டால், பத்திரிகைகளில் அடிக்கடி ஒன்றாக வரும் மூன்று சொற்கள் புரிந்துவிடும்: வர்த்தகம், அந்நிய முதலீடு, நீடித்த வளர்ச்சி. செய்திகளில் இவற்றைப் படித்தால், முதலாவது வந்தால் இரண்டாவது வரும், இரண்டாவது வந்தால் மூன்றாவது தானாக வந்து சேரும் என்பது போலத் தோன்றும். நடப்பது அப்படியில்லை.

மண்ணை விற்ற காலம்

நிக்கல் தாது என்றதும் பளபளக்கும் பாறையை நினைக்க வேண்டாம். பார்வைக்கு அது செம்மண். நல்ல தாது என்று சொல்லப்படுவதிலேயே நிக்கல் 1.7 சதவீதம் அளவுதான் இருக்கும். ஒரு டன் வெட்டினால் 17 கிலோ. போதாக்குறைக்கு, தோண்டிய தாதுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரம். பல ஆண்டுகள் இந்தோனேசியாவின் சுலாவெசி, ஹல்மஹெரா தீவுகளிலிருந்து இந்த ஈர மண்ணைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சீனாவுக்கு அனுப்பினார்கள். அங்கே அதை உருக்கி, நிக்கல் கலந்த இரும்பாக்கி, எவர்சில்வர் தகடாக்கினார்கள். தகட்டின் விலையோடு ஒப்பிட்டால் மண் விற்றவர் கைக்கு வந்தது சில்லறை.

இது பழைய வியாதி. ஹல்மஹெராவுக்குப் பக்கத்திலேயே டெர்னாட்டே, டிடோரே என்ற கிராம்புத் தீவுகள் இருக்கின்றன. கிராம்புக்காகப் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் அங்கே வந்து சண்டை போட்டார்கள். சரக்கு போனது, லாபமும் அதன் கூடவே போனது.

1950 வாக்கில் ஹான்ஸ் சிங்கர், அர்ஜென்டினாவின் ராவுல் பிரெபிஷ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள். மூலப்பொருள் விற்று இயந்திரம் வாங்கும் நாடு காலப்போக்கில் பின்தங்கும். உலகத்துக்கு வருமானம் கூடும்போது மக்கள் கூடுதலாக வாங்குவது கார், குளிர்சாதனப் பெட்டி போன்ற பொருட்களை. காப்பிக்கொட்டையை இரண்டு மடங்கு வாங்க மாட்டார்கள். அதனால் ஒரே டிராக்டருக்கு முன்பைவிட அதிக மூட்டை காப்பி விற்க வேண்டி வரும். எல்லாப் பொருளுக்கும் எல்லாக் காலத்திலும் இது பொருந்தாது, எண்ணெய் விற்ற நாடுகளைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் வளரும் நாடுகளின் பொருளாதார அமைச்சர்கள் பலரின் மனதில் இந்தக் கணக்கு ஆழமாகப் பதிந்துவிட்டது.

இந்தோனேசியா 2009-ல் ஒரு சுரங்கச் சட்டம் போட்டது. தாதுவை உள்நாட்டிலேயே சுத்திகரிக்க வேண்டும் என்றது. 2014 ஜனவரியில் கச்சாத் தாது ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2017-ல் அரசு தடையைக் கொஞ்சம் தளர்த்தியது. 2020 ஜனவரி 1 முதல் நிக்கல் தாதுவுக்கு மறுபடி முழுத் தடை. இந்தக் கொள்கைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹிலிரிசாசி'. ஹிலிர் என்றால் ஆற்றின் கீழ்ப்பகுதி. மலையில் ஊற்றெடுக்கும் தண்ணீர் கீழே வரவரப் பெரிய ஆறாவது போல, மண்ணாகத் தொடங்கும் பொருள் தகடாக, பேட்டரியாக ஆகும்வரை நம் நாட்டுக்குள்ளேயே ஓடட்டும் என்பது கருத்து. 2014 முதல் 2024 வரை அதிபராக இருந்த ஜோகோ விடோடோ மேடைக்கு மேடை உச்சரித்த சொல் இது.

பணம் வந்த வழி

தடை போட்டால் மட்டும் உருக்காலை முளைத்துவிடாது. பணம் வேண்டும், தொழில்நுட்பம் வேண்டும். இந்த இடத்தில்தான் நேரடி அந்நிய முதலீடு உள்ளே வருகிறது.

வெளிநாட்டுப் பணம் எல்லாம் ஒரே வகை கிடையாது. ஒருவர் லண்டனில் உட்கார்ந்துகொண்டு ஜகார்த்தா பங்குச் சந்தையில் கொஞ்சம் பங்கு வாங்கினால் அது பங்கு முதலீடு. காலையில் வாங்கி மாலையில் விற்றுவிட்டுப் போகலாம். நேரடி முதலீடு என்பது ஆலை கட்டுவது, அல்லது ஒரு நிறுவனத்தின் நிர்வாகத்தில் சொல்லும்படியான பிடி வைத்துக்கொள்வது. சர்வதேசக் கணக்கெழுத்தில் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் பங்கு இருந்தால் நேரடி முதலீடு என்பார்கள். உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. எவர்சில்வர் தயாரிக்கும் நம்மூர் ஜிந்தால் ஸ்டெயின்லெஸ் நிறுவனம், ஹல்மஹெராவில் ஒரு நிக்கல் உருக்காலையில் 49 சதவீதப் பங்கு எடுப்பதாக 2023-ல் அறிவித்தது. இந்தோனேசியக் கணக்கில் அது அந்நிய நேரடி முதலீடு. நாம் எப்போதும் வாங்கும் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், சில இடங்களில் நாமும் போடும் பக்கம்.

அந்நிய நிறுவனம் ஏன் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சிலர் சந்தையைத் தேடி வருவார்கள். சிலர் குறைந்த கூலிக்கும் வரிச்சலுகைக்கும் வருவார்கள், கணக்கு மாறினால் கிளம்பியும் விடுவார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் வந்தது, வரிவழக்கும் தொழில்மாற்றமும் சேர்ந்து 2014 நவம்பரில் ஆலை மூடியது. மூன்றாவது வகை, பூமிக்குள் இருப்பதைத் தேடி வருவது. செம்மண் மலையைப் பெட்டியில் போட்டு வேறு நாட்டுக்குத் தூக்கிப் போக முடியாது. ஏற்றுமதிக்கும் தடை. ஆகவே பேரம் பேசும் பலம் இங்கே அரசின் கையில் கூடுதலாகவே இருந்தது. அந்தப் பலத்தை எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்பது தனிக் கேள்வி.

வந்தவர்கள் பெரும்பாலும் சீன நிறுவனங்கள். எவர்சில்வர் உலகின் ஜாம்பவானான சிங்ஷான், உள்ளூர்க் கூட்டாளியோடு சேர்ந்து மத்திய சுலாவெசியின் மொரோவாலியில் ஒரு தொழிற்பேட்டை கட்டியது. 2013-ல் ஒப்பந்தம், 2015-ல் முதல் உருக்காலை. பஹோடோபி என்ற வட்டாரத்தில் மீன்பிடித்தும் பயிர்செய்தும் வாழ்ந்த கிராமங்களுக்கு நடுவே கொதிகலனும் புகைபோக்கியும் துறைமுகமும் விமானத் தளமும் எழுந்தன. ஷிப்ட் மாறும் நேரத்தில் சாலை முழுக்க மோட்டார் சைக்கிள். ஒரே அறையை வாடகைக்கு விடுவதற்காக வரிசை வரிசையாகக் கட்டிய மரவீடுகள், சோற்றுக் கடைகள், போன் ரீசார்ஜ் கடைகள். பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது. பக்கத்துத் தீவுகளிலிருந்து இளைஞர்கள் படகேறி வந்தார்கள்.

எண்களும் பிரமாதம். நிக்கல் சார்ந்த ஏற்றுமதி 2017 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர். 2022-ல் 3,000 கோடி டாலரைத் தாண்டியது. ஐந்தே வருடத்தில் பத்து மடங்கு. இந்தக் கொள்கையைக் கிண்டல் செய்தவர்கள் பலர் வாயடைத்துப் போனார்கள், நியாயம்தான்.

தேங்காய்க்காரர் கணக்கு

அடுத்த கேள்வி: அந்த 3,000 கோடியில் இந்தோனேசியாவில் தங்கியது எவ்வளவு?

ஒரு தென்னை ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் வியாபாரிகள் வந்து தேங்காய் வாங்கிப் போகிறார்கள். ஒரு நாள் பஞ்சாயத்து முடிவெடுக்கிறது: இனிமேல் தேங்காய் ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது, எண்ணெயாகத்தான் போகணும். நல்ல எண்ணம். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து எண்ணெய் ஆலை போடுகிறார். ஊரில் பத்து இருபது பேருக்கு வேலை. ஆனால் தேங்காய்க்காரருக்கு இப்போது வாங்குபவர் ஒரே ஆள்தான். அவர் சொல்வதே விலை. வெளிச்சந்தையில் காய் 25 ரூபாய் போகும்போது இங்கே 15-க்குக் கேட்பார். கொடுக்காமல் என்ன செய்வது, மரத்தில் வைத்துக்கொண்டிருக்க முடியுமா?

மொரோவாலியிலும் அதுதான் நடந்தது. ஏற்றுமதிக் கதவு மூடியதும் உள்நாட்டுத் தாது விலை உலக விலையைவிடத் தாழ்ந்தது. உருக்காலைக்காரர்களுக்கு மலிவுத் தாது, சுரங்கக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். 2020-ல் அரசு தலையிட்டுக் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. ஏற்றுமதித் தடை என்பது ஒருவகையில் ஆலைக்குக் கொடுக்கும் மானியம். பட்ஜெட்டில் எழுதப்படாததால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இதற்கு மேல் வரிச்சலுகை. புதுத் தொழிலில் பெரிய முதலீடு போடுபவர்களுக்கு 5 முதல் 20 ஆண்டுகள் வரை நிறுவன வருமான வரி கிடையாது என்று விதி வைத்தார்கள். லாபம் வெளிநாட்டு உரிமையாளருக்கு, கடனுக்கான வட்டி வெளிநாட்டு வங்கிக்கு, இயந்திரத்தின் விலை வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு. உள்ளே தங்குவது கூலி, சுரங்கத்தின் உரிமத்தொகை, சில்லறை வரிகள், ஊரில் வாங்கும் அரிசி பருப்பு. ஃபைசல் பாஸ்ரி என்ற இந்தோனேசியப் பொருளியலாளர், லாபத்தில் 90 சதவீதம் சீனாவுக்குப் போகிறது என்று 2023-ல் போட்டு உடைத்தார். அதிபரே மறுத்துப் பேச வேண்டியதாயிற்று. 90 என்ற எண் கூடுதலாகவே எனக்குப் படுகிறது. ஆனால் ஏற்றுமதி மதிப்பை மட்டும் காட்டிப் பெருமைப்படுவது, கல்லாவில் விழுந்த மொத்தப் பணத்தையும் லாபம் என்று சொல்வது போல என்ற அவருடைய வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை.

மொத்த உள்நாட்டு உற்பத்தி என்ற அளவுகோலின் கோளாறும் இங்கே தெரியும். நாட்டின் எல்லைக்குள் நடந்த உற்பத்தி எல்லாம் அதில் வரும், லாபம் யார் பைக்குப் போனது என்பது வராது. 2022-ல் மத்திய சுலாவெசியின் பொருளாதாரம் சுமார் 15 சதவீதம் வளர்ந்தது. ஹல்மஹெரா இருக்கும் வடக்கு மலுக்கு மாகாணம் ஏறத்தாழ 23 சதவீதம். உலகத்தில் அபூர்வமாகவே கேள்விப்படும் வேகம். அதே காலத்தில் மத்திய சுலாவெசியில் வறுமையில் இருந்தவர்கள் 12 சதவீதத்துக்குச் சற்று மேல், நாட்டின் சராசரி 9 சதவீதத்துக்குச் சற்று மேல். வளர்ச்சியில் முன்னால் ஓடிய மாகாணம் வறுமையிலும் சராசரிக்கு மேலே இருந்தது.

புகை, சேறு, பேட்டரி

நீடித்த வளர்ச்சி என்ற சொல்லுக்கு 1987-ல் நார்வேயின் க்ரோ ஹார்லெம் புருன்ட்லான்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம் சொன்ன விளக்கத்தைத்தான் இன்றும் எடுத்தாள்கிறார்கள். இன்றைய தேவையைத் தீர்த்துக்கொள்ளும் வேகத்தில், நாளை வருபவர்களின் தேவைக்கு வழியில்லாமல் செய்துவிடக் கூடாது. நம் வீடுகளில் விதைநெல்லைத் தொடாதே என்பார்களே, அதேதான்.

செம்மண்ணை உருக்கப் பெரும் மின்சாரம் வேண்டும். தொழிற்பேட்டைகள் தங்களுக்கென்றே நிலக்கரி மின்நிலையங்கள் கட்டிக்கொண்டன. 2022-ல் புதிய நிலக்கரி மின்நிலையங்களுக்குத் தடை என்று அரசு அறிவித்தபோது, கனிமத்துக்கு மதிப்புக் கூட்டும் ஆலைகளோடு சேர்ந்தவற்றுக்கு விலக்கு வைத்தது. பஹோடோபியின் சுகாதார நிலையங்களுக்கு வருபவர்களிடம் அதிகம் காணப்படும் நோய் மூச்சுக்குழாய்த் தொற்று. இந்த நிக்கலில் ஒரு பகுதி, புகையில்லாத மின்சாரக் காருக்குப் பேட்டரியாகப் போகிறது. கார் ஓடும் ஊரில் காற்று சுத்தம், புகை வேறொரு ஊருக்கு இடம் மாறியிருக்கிறது.

பேட்டரிக்கான நிக்கலை எடுக்கும் முறை இன்னொரு சிக்கல். தரம் குறைந்த தாதுவைக் கந்தக அமிலத்தோடு உயர்ந்த அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். தாதுவில் நிக்கல் 1 சதவீதம் சொச்சம் என்றால், ஒரு டன் நிக்கலுக்கு நூறு டன்னை நெருங்கும் கழிவு மிஞ்சும் என்று மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். மழையும் நிலநடுக்கமும் அதிகமுள்ள தீவில் அதை எங்கே கொட்டுவது? 2025 மார்ச்சில் மொரோவாலியில் கழிவுக் குவியல் சரிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்கு முன் 2023 டிசம்பர் 24 அன்று அங்கே ஓர் உருக்காலையில் உலை பழுதுபார்க்கும்போது வெடிப்பு, 21 பேர் பலி. செத்தவர்களில் இந்தோனேசியரும் இருந்தார்கள், சீனரும் இருந்தார்கள்.

மலையில் காட்டை வெட்டி மண்ணைத் திறந்துவிட்டால் ஒரு மழைக்கே கரையோரக் கடல் செங்காவியாகிவிடும். பவளத்தின் மேல் சேறு படிந்தால் மீன் கரையைவிட்டு விலகும். கட்டுமரத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: மீன் விலகிய தூரம், டீசல் செலவு. 2025 ஜூனில் பவளத்துக்குப் பேர்போன ராஜா அம்பாட் தீவுகளில் நிக்கல் தோண்டுவது பெரிய விவகாரமாக வெடித்தபோது, அரசு அங்கே நான்கு நிறுவனங்களின் சுரங்க அனுமதியை ரத்து செய்தது. ஐந்தாவது நிறுவனத்தின் அனுமதி நீடித்தது.

இதையெல்லாம் வைத்து, அந்நிய முதலீடே வேண்டாம் என்று முடிவு கட்டுவது அவசரம். மண்ணை மண்ணாக விற்ற காலத்திலும் காடு வெட்டப்பட்டது, சேறு கடலுக்குப் போனது, கூடவே வேலையும் இல்லை. என் குறை வேறு இடத்தில். பேரம் பேசும் பலம் கையில் இருந்தபோது, ஆலை வரட்டும் என்பதோடு பேரத்தை முடித்துவிட்டார்கள். எந்த மின்சாரம், கழிவு எங்கே, எத்தனை ஆண்டில் உள்ளூர்க்காரர் பொறியாளர் இடத்துக்கு வருவார், வரிச்சலுகை எதற்கு ஈடாக என்று முதல் நாளே எழுதி வாங்கியிருக்கலாம். ஆலை எழுந்தபிறகு கேட்டால் பலம் கைமாறியிருக்கும். நம் ஊரிலும் முதலீட்டாளர் மாநாடு முடிந்த மறுநாள் இத்தனை லட்சம் கோடிக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று தலைப்பு வருகிறது. அந்தக் கோடியை விட்டுவிட்டு இந்த நிபந்தனைகளைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் கிடைக்காது.

ஜெனீவா வழக்கு

வர்த்தகத்துக்கு உலக விதிகளும் உண்டு. ஏற்றுமதியை அளவு வைத்துத் தடுக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2019 நவம்பரில் ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்பில் பிராது கொடுத்தது: எங்கள் எவர்சில்வர் ஆலைகளுக்குத் தாது கிடைக்கவில்லை. 2022 நவம்பர் 30 அன்று வந்த தீர்ப்பு இந்தோனேசியாவுக்கு எதிர். அடுத்த மாதமே இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது. வேடிக்கை என்னவென்றால், மேல்முறையீட்டைக் கேட்க ஆளில்லை. நீதிபதிகள் நியமனத்தை அமெரிக்கா தடுத்துவந்ததால் அந்த அமர்வு 2019 டிசம்பரிலிருந்தே முடங்கிக் கிடக்கிறது. தீர்ப்பு காகிதத்தில், தடை களத்தில்.

விதி விதிதான், ஆனால் அந்த விதியை எழுதிய நாடுகளின் பழங்கதையையும் பார்க்கணும். இங்கிலாந்து தன் நெசவாலைகள் வளர்வதற்காகக் கச்சாக் கம்பளி வெளியே போகாமல் நூற்றாண்டுக் கணக்கில் வரியும் தடையும் போட்டு வைத்திருந்தது. ஏறிய ஏணியைத் தள்ளிவிடுவது என்று இதை வளரும் நாடுகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தோனேசியா இத்தனை நிக்கலைச் சந்தையில் கொட்டியதும் உலக விலை சரிந்தது. ஆஸ்திரேலியாவில் பிஎச்பி நிறுவனம் தன் நிக்கல் சுரங்கங்களையும் ஆலைகளையும் 2024 அக்டோபரில் நிறுத்தியது. பிரான்சின் வசமுள்ள நியூ கலிடோனியாவிலும் ஓர் ஆலை அதே ஆண்டில் உற்பத்தியை நிறுத்தியது. இதற்கிடையில் சீன கார் நிறுவனங்கள் நிக்கலே தேவைப்படாத, இரும்பும் பாஸ்பேட்டும் கலந்த பேட்டரிக்கு வேகமாக மாறிக்கொண்டிருக்கின்றன. ஒரே பொருளை நம்பியிருப்பதன் ஆபத்து, அந்தப் பொருள் மண்ணாக இருந்தாலும் உருக்கிய உலோகமாக இருந்தாலும் போய்விடுவதில்லை.

அப்புறம் நடந்தது யாரும் எதிர்பாராதது. உருக்காலைகள் பெருகிப் பெருகி உள்ளூர்த் தாது போதாமல் போனது. தாது ஏற்றுமதியைத் தடை செய்த இந்தோனேசியா 2024-ல் பக்கத்து நாடான பிலிப்பைன்ஸிலிருந்து சுமார் 1 கோடி டன் நிக்கல் தாது இறக்குமதி செய்தது. இதைப் பார்த்த பிலிப்பைன்ஸ் அரசியல்வாதிகளுக்கும் அதே யோசனை வந்தது. கச்சாத் தாது ஏற்றுமதியைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார்கள். சுரங்க முதலாளிகள் எதிர்த்தார்கள், உருக்காலை கட்ட மலிவு மின்சாரம் எங்கே என்று கேட்டார்கள். 2025 ஜூனில் மசோதாவிலிருந்து அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். பிலிப்பைன்ஸின் சுரிகாவோ கரையிலிருந்து செம்மண் ஏற்றிய கப்பல்கள் முன்பு சீனாவை நோக்கி வடக்கே போகும். இப்போது சில தெற்கே திரும்பி, இந்தோனேசிய உலைகளைத் தேடிப் போகின்றன.